கூண்டுக் கிளிகளின் நெருக்கீடு: ஊறுபடுத்தா அளவீட்டு முறைகள் பற்றிய ஒரு விளக்கம்

மனிதன் தன் இல்லத்தில் வளர்த்துவந்த பறவைகளுட் கிளிக்குத் தனியிடம் உண்டு. அது பேசும் பறவை. ஆயின், அது பேசுவது நாம் கற்பித்த சொற்களையே. தமிழிற் கிள்ளையைத் தூதாக விடுக்கும் இலக்கிய மரபொன்று உளது. பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் அழகர் கிள்ளைவிடு தூது அதற்கு நன்கறியப்பட்ட சான்றாகும். அம்மரபிலும் கிளி சுமந்து செல்வது பிறர் செய்தியையே. கிளி தன்னைப் பற்றி உணர்த்தக்கூடியது யாது? கூண்டில் அடைபட்ட கிளி துன்புறுகின்றதா? துன்புறுகின்றதாயின் எவ்வளவு? அதனை நாம் அறிவது எங்ஙனம்? இவ்வினாக்களை இன்று உடற்றொழிலியலாளரும் விலங்கு நடத்தை ஆய்வாளரும் எழுப்பி வருகின்றனர். அவர்கள் கையாளும் முறைகளையும், அம்முறைகளின் வலிமையையும் எல்லைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது பறவைப் பிரியர்களின் தனிப்பட்ட அக்கறைக்குரிய விடயம் மட்டுமன்று. கிளி உலகச் சந்தையின் பண்டங்களுள் ஒன்று. மேற்கு, மத்திய ஆபிரிக்கக் காடுகளைச் சேர்ந்த சாம்பற் கிளி அதன் பேச்சுத் திறன் காரணமாகவே பெருந்தொகையாகப் பிடிக்கப்பட்டு ஏற்றுமதி செய்யப்பட்டது. கானா நாட்டில் 1992ஆம் ஆண்டின் பின்னர் இக்கிளியின் தொகை 90 முதல் 99 வீதம் வரை வீழ்ந்துள்ளதென 2016இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அதே ஆண்டு யொகான்னசுபேக்கிற் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வாணிபம் பற்றிய மாநாடு, சாம்பற் கிளியை அதியுயர் பாதுகாப்புக்குரிய முதலாம் பட்டியலிற் சேர்த்தது. அதற்கு முன்னரே, 1992இல் ஐக்கிய அமெரிக்காவும் 2007இல் ஐரோப்பிய ஒன்றியமும் காட்டுப் பறவை இறக்குமதிக்குக் கடுந்தடைகளை விதித்திருந்தன. இத்தடைகள் பிடிபடவிருக்கும் கிளிகளைப் பற்றியவை. ஏற்கெனவே கூண்டிலுள்ள கிளிகளும், கூண்டிலேயே பிறந்து வளரும் கிளிகளும் எந்நிலையில் உள்ளன என்ற வினாவுக்கு அவை விடையளிப்பதில்லை. அவ்விடையை வேறு வழியிலேயே தேடுதல் வேண்டும்.

நெருக்கீடு என்பது யாது?

அன்றாட வழக்கில் நெருக்கீடு என்பது மனத்துன்பத்தைக் குறிக்கும். உடற்றொழிலியலில் அதற்குத் திட்டவட்டமான பொருள் உண்டு. ஆபத்தை எதிர்கொள்ளும் விலங்கின் உடல், போரிடவோ தப்பியோடவோ கணப்பொழுதில் ஆயத்தமாகின்றது என்பதை அமெரிக்க உடற்றொழிலியலாளர் வோல்டர் கனன் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுத்துக்காட்டினார். இதயத்துடிப்பு விரைவுறும், தோலுக்குச் செல்லும் குருதி குறைந்து தசைகளுக்குச் செல்லும் குருதி மிகும். இதற்குக் காரணம் பரிவு நரம்புத் தொகுதியும் அதிரீனலினுமாகும். 1936இல் ஆன்சு செலியே ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சிறு குறிப்பொன்று இவ்வாராய்ச்சியை மேலும் ஒரு படி நகர்த்தியது. குளிர், காயம், நஞ்சு என ஊறுகள் வேறுபட்டபோதிலும் எலிகளின் உடல் ஒரே வகையான எதிர்விளைவைக் காட்டியது. அதிரீனற் சுரப்பி பருத்தது, கழுத்துக் கணையச் சுரப்பி சுருங்கியது, இரைப்பையிற் புண்கள் தோன்றின. வேறுபட்ட காரணங்களுக்கு உடல் காட்டும் இப்பொதுவான எதிர்விளைவே பின்னர் நெருக்கீடு எனப் பெயர் பெற்றது.

இவ்வெதிர்விளைவின் சங்கிலி மூளையிலே தொடங்குகின்றது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள பரிவகக்கீழ் ஓர் ஓமோனைச் சுரந்து கபச்சுரப்பியைத் தூண்டுகின்றது. கபச்சுரப்பி வேறோர் ஓமோனைக் குருதியில் விடுகின்றது. அது சிறுநீரகத்துக்கு அருகிலுள்ள அதிரீனற் சுரப்பியைத் தூண்ட, அச்சுரப்பி இசுத்தெரொயிட்டு வகையைச் சேர்ந்த ஓமோன்களை வெளியிடுகின்றது. மனிதரில் இவற்றுள் முதன்மையானது கோட்டிசோல், பறவைகளில் கோட்டிக்கோசுத்தெரோன். இவ்வோமோன் சேமிப்பிலுள்ள சத்தினைக் கரைத்துக் குருதியில் வெல்லத்தின் அளவை உயர்த்துகின்றது. உடனடித் தேவையற்ற தொழிற்பாடுகளைத் தற்காலிகமாக ஒத்திவைக்கின்றது.

குறுகிய கால நெருக்கீடு தீமையன்று என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. பருந்தைக் கண்டு பறந்து தப்பும் கிளியை உயிரோடு வைத்திருப்பது இப்பொறிமுறையே. தீமை விளைவது, அது தணியாது நீடிக்கும்போது ஆகும். நாள்தோறும், மாதக்கணக்கில், தப்பிச்செல்ல வழியின்றி நெருக்கீடு தொடருமாயின் நோயெதிர்ப்பு குன்றும், இனப்பெருக்கம் தடைப்படும், இறகு வளர்ச்சி சீர்கெடும். காட்டிலுள்ள கிளிக்கு ஆபத்துக்கள் பல. ஆனால் அவற்றுக்கு எதிராகச் செய்வதற்கு ஏதோவொன்று உண்டு. கூண்டுக் கிளிக்கு ஆபத்துக்கள் சில, செய்வதற்கோ ஒன்றுமில்லை.

அளவிடுதலே ஊறாகும் முரண்பாடு

குருதியிலுள்ள கோட்டிக்கோசுத்தெரோனை அளந்தால் நெருக்கீட்டின் அளவை அறியலாம் என்பது இயல்பாக எழும் எண்ணமாகும். ஓமோன்கள் குருதியில் மிக நுண்ணிய அளவிலேயே உள்ளன. அவற்றை அளக்கும் வழியைத் திறந்தவர்கள் உறோசலின் யலோ, சொலமன் பேர்சன் ஆகிய இருவருமாவர்; கதிர்த்தொழிற்பாடுடைய பொருளையும் பிறபொருளெதிரியையும் பயன்படுத்திய அவர்தம் முறைக்காக 1977இல் யலோவுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1971இற் சுவீடனில், கதிர்த்தொழிற்பாட்டுக்குப் பதிலாக நொதியத்தைப் பயன்படுத்தும் முறை உருவாக்கப்பட்டது. இன்று சாதாரண ஆய்வுகூடங்களும் கையாள்வது பெரும்பாலும் இந்நொதிய முறையையே.

ஆயின், குருதி பெறுவதற்குக் கிளியைப் பிடித்தல் வேண்டும். பறவையைப் பிடித்த ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்குள் அதன் குருதியில் கோட்டிக்கோசுத்தெரோன் உயரத் தொடங்கிவிடுகின்றது. துவாய் கொண்டு கிளியைப் போர்த்துப் பிடித்து, சிறகை விரித்து, நாளத்தைத் தேடி ஊசியேற்றுவதற்குள் அம்மூன்று நிமிடங்கள் கழிந்துவிடல் எளிது. அதன் பின்னர் நாம் அளப்பது கூண்டு வாழ்வின் நெருக்கீட்டையன்று. நமது கைகள் விளைத்த நெருக்கீட்டையே. மேலும், ஒரே பறவையிலிருந்து நாள்தோறும் குருதி பெறுதல் இயலாது. சிறிய பறவைகளில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். அளக்கும் செயல் அளக்கப்படுவதை மாற்றிவிடும் இம்முரண்பாட்டிலிருந்தே ஊறுபடுத்தா முறைகளின் தேவை தோன்றியது. பறவையைத் தொடாது, அது தானாகவே விட்டுச்செல்லும் பொருள்களிலிருந்தும் வெளிப்படுத்தும் அறிகுறிகளிலிருந்தும் அதன் நிலையை வாசித்தலே அம்முறைகளின் பொதுத் தத்துவமாகும்.

எச்சம் தரும் சான்று

அப்பொருள்களுள் முதன்மையானது எச்சம். குருதியிற் சுற்றிவரும் கோட்டிக்கோசுத்தெரோன் ஈரலில் மாற்றமுற்றுப் பல்வேறு அனுசேபப் பொருள்களாகி, ஒரு பகுதி பித்தத்தினூடாகக் குடலையும் மற்றொரு பகுதி சிறுநீரகத்தையும் அடைந்து வெளியேறுகின்றது. பறவைகளில் மலமும் சிறுநீரும் ஒரே வாயிலினூடாகக் கலந்து வெளிவருகின்றன. கிளியின் எச்சத்திற் பச்சை அல்லது கபில நிறப் பகுதி மலம். வெண்ணிறப் பகுதி யூரிக் அமிலம். அதனைச் சூழ்ந்த நீர்மம் சிறுநீர். ஆகவே இருவழிகளாலும் வெளியேறும் பொருள்களை ஒரே மாதிரியிற் பெறமுடிகின்றது. கிளி நாளொன்றிற் பலமுறை எச்சமிடும் பறவையாதலின் மாதிரிக்குப் பஞ்சமில்லை. கூண்டின் அடியில் தூய தாளை விரித்துக் குறித்த நேரங்களில் அதனை எடுத்துவிடுதலே போதுமானது.

இம்முறையின் அரும்பயன் யாதெனில், எச்சம் காட்டுவது ஒரு கணத்தின் நிலையையன்று. முந்திய சில மணி நேரங்களின் திரண்ட கணக்கையே. முற்பகல் 10 மணிக்குக் கூண்டு புதியதோர் அறைக்கு மாற்றப்பட்டதெனக் கொள்வோம். அதற்கு முன்னர் விழுந்த எச்சங்கள் வழமையான நிலையைக் காட்டும். பின்னர் விழுபவற்றில் ஓமோன் எச்சங்களின் செறிவு படிப்படியாக உயர்ந்து, பறவை அமைதியடைந்தால் மீண்டும் தாழும். ஒவ்வொரு பறவையையும் அதன் சொந்த வழமை நிலையுடனேயே ஒப்பிடலாம். நெருக்கீடு எவ்வளவு உயர்ந்தது என்பதோடு, தணிய எவ்வளவு நேரம் சென்றது என்பதும் தெரியவரும். பின்னையதே நலத்தைப் பற்றிக் கூடுதலாக உணர்த்தவல்லது.

எனினும், எச்சத்தில் உள்ளது கோட்டிக்கோசுத்தெரோன் அன்று என்பதை வலியுறுத்துதல் வேண்டும். வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கதிர்த்தொழிற்பாடுடைய ஐதரசனால் அடையாளமிட்ட ஓமோனைக் கோழிகளிற் செலுத்தி அது வெளியேறும் வழியைத் தொடர்ந்தபோது, மாற்றமுறாத ஓமோன் எச்சத்தில் ஏறத்தாழ இல்லையென்றே கண்டனர். குருதிக்கென உருவாக்கப்பட்ட பிறபொருளெதிரியை எச்சத்தில் அப்படியே பயன்படுத்துவோர் தாம் எதை அளக்கின்றோம் என்பதை அறியாதவராகலாம். சில பிறபொருளெதிரிகள் பால் ஓமோன்களின் எச்சங்களுடனும் பிணையக்கூடியன. அவ்வாறாயின் இனப்பெருக்கப் பருவத்தின் உயர்வை நெருக்கீட்டின் உயர்வாகக் கொண்டுவிடுவோம். எனவேதான் ஒவ்வோர் இனத்துக்கும் முறையை முதலில் வாய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது என மோசுதல், பால்மே முதலிய வியன்னா ஆய்வாளர் வற்புறுத்தி வந்துள்ளனர். கோழிக்குப் பொருந்துவது கிளிக்குப் பொருந்துமென்பதற்கில்லை. ஒரு கிளியினத்துக்குப் பொருந்துவது மற்றொன்றுக்குப் பொருந்துமென்பதற்குமில்லை.

வாய்ப்புப் பார்க்கும் வழமையான முறை, அதிரீனற் சுரப்பியைத் தூண்டும் ஓமோனை ஊசிமூலம் ஏற்றி, எச்சத்தில் எதிர்பார்த்த உயர்வு தோன்றுகின்றதா எனக் காண்பதாகும். ஊறுபடுத்தா முறையொன்றை நிலைநிறுத்த முதலிற் சில பறவைகளை ஊறுபடுத்த வேண்டியுள்ளமை இத்துறையின் தீராத ஒழுக்கப் பிரச்சினை. இதற்கு மாற்றாக, மருத்துவச் சோதனை, இடமாற்றம் போன்று எவ்வாறாயினும் நிகழவேண்டியிருக்கும் நிகழ்ச்சிகளையே தூண்டலாகக் கொண்டு முன்னும் பின்னும் எச்சத்தைச் சேகரிக்கும் வழியும் உண்டு. அது துல்லியத்தில் ஓரளவு குறைந்தது, மனச்சான்றுக்கு உகந்தது.

நடைமுறைச் சிக்கல்களும் உள. எச்சம் விழுந்தவுடன் அதிலுள்ள பற்றீரியங்கள் அனுசேபப் பொருள்களை மாற்றத் தொடங்குகின்றன. ஆகவே மாதிரியை விரைந்து உறையவைத்தல் வேண்டும். உணவு மாறினால் எச்சத்தின் அளவு மாறும்; அளவு மாறினாற் செறிவும் மாறும். ஓமோன் சுரப்புக்கு நாளொழுங்கும் பருவவொழுங்கும் உண்டு. காலை மாதிரியை மாலை மாதிரியோடு ஒப்பிடல் பொருந்தாது. ஒரே கூண்டில் இரு கிளிகள் இருப்பின் எவ்வெச்சம் எவருடையது என்ற ஐயம் எழும். ஒன்றின் உணவிற் சாயம் கலந்து இதனைத் தீர்க்கலாம். அவற்றைத் தனித்தனியே பிரித்துவைத்தல் தீர்வாகாது. துணையிழப்பே கிளிக்குப் பெரும் நெருக்கீடாகும்.

2016இல் இத்தாலிய ஆய்வாளர் குழுவொன்று, தம் இறகுகளைத் தாமே சிதைக்கும் சாம்பற் கிளிகளின் எச்சத்தை நலமான சாம்பற் கிளிகளின் எச்சத்தோடு ஒப்பிட்டது. இறகைச் சிதைக்கும் கிளிகளிற் கோட்டிக்கோசுத்தெரோன் அனுசேபப் பொருள்களின் அளவு உயர்ந்திருந்தது. இது முக்கியமான முடிவு. ஆயினும் நெருக்கீடு இறகுச் சிதைவை விளைத்ததா, இறகிழந்து வெப்பமிழந்த உடல் நெருக்கீட்டுக்கு உள்ளானதா, இரண்டும் மூன்றாவதொரு காரணத்தின் விளைவுகளா என்பதை இத்தகைய ஒப்பீடு மட்டும் தீர்மானிக்கமாட்டாது. கூண்டு நிலைமையை மாற்றிய பின் இரண்டும் சேர்ந்து குறைகின்றனவா என்று தொடர்ந்து அவதானிப்பதே அதற்கு வழி.

இறகு என்னும் நாட்குறிப்பு

எச்சம் மணித்தியாலங்களின் பதிவாயின் இறகு வாரங்களின் பதிவு. வளர்கின்ற இறகின் தண்டினுள் குருதி பாய்கின்றது. அக்குருதியிலுள்ள கோட்டிக்கோசுத்தெரோன் இறகின் இழைகளிற் படிகின்றது. வளர்ச்சி நிறைவுற்றதும் குருதியோட்டம் நின்று இறகு உயிரற்ற பொருளாகின்றது. படிந்த ஓமோன் அங்கேயே தங்கிவிடுகின்றது. கனடாவின் சசுகச்சுவான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரி போட்டலோட்டியும் அவர்தம் துணைவரும் 2008இல் இதனை ஒரு முறையாக வகுத்து வெளியிட்டனர். கிளி இயல்பாக உதிர்த்த இறகைக் கூண்டின் அடியிலிருந்து பொறுக்கியெடுத்தாற் போதும். மரித்த பறவையின் இறகும், நூதனசாலையிற் பேணப்படும் இறகும்கூட இவ்வகையிற் சான்றாகலாம்.

இறகிற் காலக்கணக்கும் பொறிக்கப்பட்டுள்ளது. உற்றுநோக்கின், குறுக்காக மங்கலும் தெளிவுமான வரிகள் மாறிமாறித் தோன்றும். ஓரிணை வரிகள் ஏறத்தாழ ஒரு நாள் வளர்ச்சி. தோமசு கிரப் 1989இல் இவ்வரிகளின் அகலத்தைக் கொண்டு பறவையின் ஊட்ட நிலையைக் கணிக்கும் முறையை முன்வைத்தார். வளர்ச்சி தடைப்பட்ட இடங்களில் இழை மெலிந்த ஒளிபுகு கோடுகள் தோன்றுவதும் உண்டு. அவை இறகு முறியும் இடங்களாகும்.

இம்முறைக்கும் எல்லைகள் உள. இறகு வளர்ந்த காலத்தையன்றி வேறெந்தக் காலத்தையும் அது கூறமாட்டாது. ஓராண்டுக்கு முன் வளர்ந்த இறகைக் கொண்டு இன்றைய கூண்டை மதிப்பிடல் தவறு. மிகச் சிறிய அளவு இறகை எடுத்துச் சோதித்தாற் செறிவு மிகையாகக் காட்டப்படுவதும் அறியப்பட்டுள்ளது. யாவற்றிலும் மேலாக, எந்தக் கிளியைப் பற்றி அறிய நாம் பெரிதும் விழைகின்றோமோ, அது தன் இறகுகளை வளரும்போதே பிடுங்கிவிடும் கிளியாக இருத்தல் கூடும்.

வெப்பமும் முகமும்

ஆபத்தின்போது தோலுக்குச் செல்லும் குருதி குறைகின்றது என மேலே கூறினோம். குருதி குறையின் தோலின் வெப்பநிலை தாழும். செங்கீழ்க் கதிர்ப் படக்கருவி இம்மாற்றத்தைத் தொலைவிலிருந்தே பதியவல்லது. 2015இல் கிளாசுகோ ஆய்வாளர்கள் கோழிகளின் கொண்டையும் தாடையும் நெருக்கீட்டின்போது குளிர்வதையும், நெருக்கீடு கடுமையாகுந்தோறும் குளிர்ச்சி மிகுவதையும் காட்டினர். அதே ஆண்டிற் கிளியினத்தைச் சேர்ந்ததும் எம்மவர் ‘லவ் பேட்ஸ்’ என வழங்குவதுமான பட்ஜெரிகாரில், கையாற் பிடித்த பின்னர் கண் மேற்பரப்பின் வெப்பநிலை உயர்வதாக யப்பானிய ஆய்வாளர் அறிவித்தனர். ஓரிடத்திற் குளிர்ச்சி, மற்றோரிடத்தில் வெப்பம். இது முரண்பாடு போலத் தோன்றலாம். உடலின் மேற்பரப்பிற் குருதி ஒடுங்குவதும், உடலின் உள்வெப்பம் உயர்வதும் நெருக்கீட்டின் இரு வேறு கூறுகள். எந்த இனத்தில், உடலின் எப்பகுதியில், தூண்டலின் பின் எத்தனையாவது நிமிடத்தில் அளந்தோம் என்பதைக் கூறாத வெப்ப அளவீடு பொருளற்றது என்பதே இதனாற் பெறப்படும்.

முகத்தில் இறகற்ற தோலையுடைய மக்கோக் கிளிகளில் வேறொரு வாய்ப்பும் உண்டு. பிரான்சிலே வளர்க்கப்பட்ட ஐந்து மஞ்சள்நீல மக்கோக் கிளிகளை அவதானித்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. பராமரிப்பாளர் அவற்றோடு நேரே முகங்கொடுத்துப் பேசி உறவாடும்போது கன்னத்தோல் சிவப்பதும் உச்சி இறகுகள் சிலிர்ப்பதும் மிகுதியாகக் காணப்பட்டன. ஐந்து பறவைகளைக் கொண்டு பெருமுடிபு எதனையும் கட்டுதல் பொருந்தாது. ஆயினும் துன்பத்தை மட்டுமன்றி இன்பத்தையும் தேடுதல் வேண்டும் என்ற திசையை இது சுட்டுகின்றது.

நடத்தையும் அதன் வாசிப்பும்

மிகப் பழைய ஊறுபடுத்தா முறை கண்ணாற் காண்பதே. கூண்டின் ஒரே வழியில் ஓயாது நடத்தல், கம்பியை இடைவிடாது கடித்தல், ஒரே இடத்தைத் தொட்டுத்தொட்டு மீளல் ஆகியவை பயனற்ற மீள்செயல்கள். தன் இறகைத் தானே பிடுங்குதல் இவற்றோடு சேர்த்து எண்ணப்படும் மற்றொரு சீர்கேடு. இறகின் நிலைக்குப் புள்ளியிட்டு அளக்கும் முறைகள் உருவாக்கப்பட்டுள்ளன. பார்வையாளர் முன்னிலையிற் கிளி அசைவற்றிருந்துவிடுவதுண்டு. இரையாகக்கூடிய விலங்கு தன் தளர்வை மறைப்பது இயல்பு. ஆதலால் ஆளில்லாத வேளையில் ஒளிப்படக்கருவி கொண்டு பதிவுசெய்தல் நன்று.

இத்துறையில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிசு வளாகத்தில் மீகன், கானர், மெஞ்சு ஆகியோர் செம்மஞ்சட் சிறகு அமேசன் கிளிகளைக் கொண்டு 2003, 2004ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. உணவைத் தேடிப் பெறும் வாய்ப்பும், ஏறவும் கடிக்கவும் பலவகைப் பொருள்களும் அளிக்கப்பட்ட இளங்கிளிகளில் இறகு பிடுங்கல் தடுக்கப்பட்டது. ஏற்கெனவே தொடங்கியிருந்தவற்றிலும் அது குறைந்தது. துணையோடு வளர்ந்தவை தனித்து வளர்ந்தவற்றைவிட நல்ல நிலையில் இருந்தன. தனிமையின் விலையை 2014இல் வியன்னாவிலிருந்து வெளியான வேறோர் ஆய்வும் காட்டிற்று. நிறமூர்த்தங்களின் முனைப்பகுதிகள் முதுமையோடு குறுகுவன. தனித்து வாழ்ந்த ஒன்பது வயதுச் சாம்பற் கிளிகளின் முனைகள், துணையோடு வாழ்ந்த, அவற்றிலும் 23 ஆண்டுகள் மூத்த கிளிகளின் முனைகளையொத்த நீளமே கொண்டிருந்தன. இவ்வாய்வுக்குக் குருதி தேவைப்பட்டது. எனவே அது ஊறுபடுத்தா முறையன்று. ஆயினும் எச்சமும் இறகும் காட்டும் சான்றை வேறொரு திசையிலிருந்து உறுதிப்படுத்துகின்றது.

2021இற் பிரித்தானியாவின் றோயல் கழக வெளியீடொன்றில் வந்த ஒப்பீட்டாய்வு ஏறத்தாழ 50 கிளியினங்களை எடுத்துக்கொண்டது. உடலளவுக்கு ஒப்பிடுகையிற் பெரிய மூளையுடைய இனங்களில் மீள்செயல்கள் மிகுந்திருந்தன. இயற்கையிற் கடின ஓட்டையுடைத்தும் தோலுரித்தும் நெடுநேரம் உழைத்து உண்ணும் இனங்களில் இறகுச் சிதைப்பு மிகுந்திருந்தது. அறிவாற்றலும் உழைப்பும், பயன்படுத்த இடமின்றிப் போகும்போது அவற்றை உடைய உயிருக்கே எதிராகத் திரும்புகின்றன. 1977 முதல் ஐரீன் பெப்பபேக்கு பயிற்றுவித்த அலெக்சு என்னும் சாம்பற் கிளி, 2007இல் இறக்கும்வரை நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றை வேறுபடுத்திக் கூறவல்லதாயிருந்தது. அத்தகைய மூளைக்கு ஒரு கிண்ணம் விதையும் ஒரு கோலும் போதிய உலகம் ஆகா.

எண்கள் கூறாதவை

இம்முறைகள் அனைத்துக்கும் பொதுவான எச்சரிக்கைகள் சிலவற்றைத் தொகுத்துக் கூறல் தகும். முதலாவது, கோட்டிக்கோசுத்தெரோன் துன்பத்தின் ஓமோன் அன்று, கிளர்ச்சியின் ஓமோன். புணர்ச்சி, விளையாட்டு, புதியதொன்றைக் கண்ட ஆர்வம் ஆகியவற்றாலும் அது உயரலாம். இரண்டாவது, குறைந்த அளவு நலத்தைக் குறிக்குமென்பதற்கில்லை. நீடித்த நெருக்கீட்டுக்கு உள்ளான காட்டு விலங்குகள் பற்றிய ஆய்வுகளை 2013இல் மீள்நோக்கிய டிக்கன்சு, உறொமேரோ ஆகியோர், அவற்றில் ஓமோன் உயரலாம், தாழலாம், மாறாதிருக்கலாம், பொதுவான ஒரே கோலம் இல்லை என முடிவு கூறினர். எதிர்த்து ஓய்ந்த உடலின் அமைதியும் நிறைவுற்ற உடலின் அமைதியும் எண்ணில் ஒன்றாகத் தோன்றலாம். மூன்றாவது, புதிய பொருளொன்றைக் கூண்டில் வைத்தவுடன் கிளி அஞ்சும். அன்றைய எச்சம் அதைத் தீங்கெனக் காட்டும். சில வாரங்களின் பின்னர் அதுவே நலத்துக்குக் காரணமாயிருக்கும். ஆகவே ஒற்றை எண்ணை நம்புதல் கூடாது. எச்சம், இறகு, வெப்பம், நடத்தை ஆகியவற்றை ஒருங்கே வைத்து, காலத்தோடும் சூழ்நிலையோடும் பொருத்தி வாசித்தல் வேண்டும்.

இறுதியாக, அறிவியலின் எல்லையைத் தாண்டிய ஒரு வினா உளது. இவ்வளவீடுகள் எதற்குப் பயன்படப்போகின்றன? 1964இல் உரூத்து ஆரிசன் பண்ணை விலங்குகளின் நிலை பற்றி எழுதிய நூல் பிரித்தானியாவில் எழுப்பிய கண்டனத்தின் விளைவாகவே 1965இற் பிறாம்பெல் குழுவின் அறிக்கை வந்தது. 1979இல் விலங்குகளுக்குரிய ஐந்து சுதந்திரங்கள் வகுக்கப்பட்டன. பசி, வேதனை, அச்சம் முதலியவற்றிலிருந்து விடுதலையும், இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் சுதந்திரமும் அவற்றுள் அடங்கும். மக்களின் கண்டனம் முன்வர, அளவீடு பின்வந்தது. அதே அளவீடு எதிர்த்திசையிலும் பயன்படலாம். ‘ஓமோன் அளவு வழமையானது, ஆகவே கூண்டு நன்று’ எனப் பண்ட விற்பனையாளர் நற்சான்று பெறும் நிலை வரலாம். கிளியைக் கூண்டுக்கு எவ்வளவு பொருத்தலாம் என்று அறிய ஒருவர் அளக்கலாம். கூண்டு கிளிக்குப் பொருந்துமா என்று அறிய வேறொருவர் அளக்கலாம். கருவி ஒன்றே, வினாக்கள் இரண்டு.

எம்முடைய கருத்து இது. இற்றைவரை திரண்ட சான்றுகள், குறைந்தது மூன்று செய்திகளை ஐயத்துக்கிடமின்றிக் கூறுகின்றன: தனிமை கிளிக்குக் கேடு, தேடியுண்ணும் தொழிலின்மை கிளிக்குக் கேடு, மாற்றமற்ற வெறுங்கூண்டு கிளிக்குக் கேடு. இவற்றை நீக்குவதற்கு மேலதிக ஆய்வு எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. துணையும், இடமும், உழைத்து உண்ணும் உணவும் இன்றே அளிக்கத்தக்கவை. அவற்றை அளித்த பின்னரும் எச்சமும் இறகும் நெருக்கீட்டையே காட்டுமாயின், அந்த இனம் கூண்டுக்குரியதன்று என்ற முடிவை ஏற்கும் நேர்மை அளப்போரிடம் இருத்தல் வேண்டும். அந்நேர்மை இல்லாதவிடத்து மிக நுண்ணிய அளவீடும் கூண்டின் மற்றுமொரு கம்பியாகவே அமையும்.